அண்ணி நட்ட களை

மார்ச் 3

என் நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அண்ணனும் நலம். என் முழங்கால் வலி மட்டும் வாடகை கொடுக்காத குடித்தனக்காரர் மாதிரி காலி செய்ய மறுக்கிறது. உனக்கு மாவுத் தூசியால் வந்த தும்மல் நின்றதா? மூக்கில் துணி கட்டிக்கொண்டு வேலை செய் என்றால் கேட்கமாட்டாய். பேக்கரியின் பின்கட்டில் யார் உன் மூக்கைப் பார்க்கப் போகிறார்கள்?

போனில் சொல்லியிருக்கலாம்தான். போனை எடுத்தால் உன் அண்ணன் பக்கத்தில் நின்றுகொண்டு, "அதைச் சொன்னியா, இதைக் கேட்டியா" என்று பிடுங்குவார். நான் சொல்ல வந்ததே மறந்துபோகும். அதனால் ஹாரன் கையில் கடிதமாகவே கொடுத்துவிடுகிறேன். காய்கறி லாரி டிரைவரைத்தான் சொல்கிறேன். முக்குத் திரும்பும்போது செத்தவனும் எழுந்து உட்காருகிற மாதிரி ஹாரன் அடிப்பாரே, அவர். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கும், யாரும் கேட்டதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தக்காளி போய்விட்டது. காலையில் நன்றாக நின்ற செடி மதியம் தலை தொங்கியது, மறுநாள் பக்கத்துச் செடி, அப்படியே வரிசை வரிசையாக. வாடல் நோய். போன வருடமும் இதேதான். உன் அண்ணன் வயலைச் சுற்றி ஒரு தடவை நடந்தார், வீட்டுக்கு வந்து சட்டையை மாற்றிக்கொண்டு குளிர்கிடங்குக்குப் போய் வேலை கேட்டுவிட்டார். வேலையும் கிடைத்துவிட்டது, நாளையே போய்ச் சேருகிறார், இனி ஞாயிறுதான் வீடு. இரண்டு அறையுள்ள குவார்ட்டர்ஸ் தருகிறார்களாம். செங்கல் சூளைக்காரர் நம் வயலை வாங்கிக்கொள்ளத் தயாராக நிற்கிறார்.

நான் ஒரு போகம் கேட்டேன். "சரி, இந்த ஒரு போகம். அதுலயும் ஒண்ணும் வரலைன்னா நீ ஒரு வார்த்தை பேசக்கூடாது, மூட்டையைக் கட்டணும்" என்றார். சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டுத்தான் பயம் வந்தது. அந்த இரண்டு அறையில் நான் என்ன செய்வேன், தரையில் களை எடுப்பேனா?

அப்புறம் ஒன்று பார்த்தேன். செத்த தக்காளிகளுக்கு நடுவே சொடக்குத் தக்காளிச் செடிகள் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கின்றன. சின்ன வயதில் அதன் காயை நெற்றியில் அடித்துச் சொடுக்குவோமே, அதேதான். வருடா வருடம் நாம் பிடுங்கி எறிகிற களை. காகிதக் கூடு மாதிரி ஓர் உறை, உள்ளே கோலிக்குண்டு அளவு மஞ்சள் பழம். தின்று பார்த்தேன். புளிப்பு முன்னால் வந்து, இனிப்பு பின்னால் வந்து, கடைசியில் ஏதோ ஒரு வாசனை நாக்கில் நிற்கிறது. உன் முதலாளியம்மாவிடம் காட்டு. கேக்குக்கோ ஜாமுக்கோ ஆகுமா என்று கேள்.

ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். கடைக்குக் கொடுக்கிற பொருளைச் சருகோடு கொடுத்தால் நம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள்? ஒவ்வொன்றாக உறையை உரித்து, மேலே இருந்த பிசுபிசுப்பு போகத் தண்ணீரில் இரண்டு முறை அலசி, மினுமினுவென்று அடுக்கியிருக்கிறேன். விரல் நுனியெல்லாம் இன்னும் ஒட்டுகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். பதிலை ஹாரனிடமே கொடு.

உன் அண்ணி

•

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம். தும்மல் குறைந்துவிட்டது. உங்கள் முழங்காலுக்குச் சூடான உப்பு ஒத்தடம் கொடுங்கள், அண்ணனைக் கொடுக்கச் சொல்லுங்கள், அவருக்கும் வீட்டில் ஒரு வேலை இருக்கட்டும்.

பெட்டி வந்து சேர்ந்தது. அண்ணி, என்ன சொல்வேன். திறந்து வைத்ததுதான் தெரியும், ஆளுக்கு ஒரு கை. அடுப்பு வேலைக்காரர், கல்லாவில் இருக்கும் பெண், பால் கொண்டுவருகிறவர், எல்லாரும். முதலாளியம்மா இரண்டு தின்றுவிட்டு மூன்றாவதைக் கைப்பையில் போட்டுக்கொண்டார். மதியத்துக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

நீங்கள் இவ்வளவு பாடுபட்டு உரித்து அலசி அனுப்பியதற்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று தெரியவில்லை. இதற்கு மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும்தான். உங்கள் விரலுக்குக் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள்.

அன்போடு,
உங்கள் நாத்தனார்

•

மார்ச் 9

அண்ணா,

இதை உன் குளிர்கிடங்கு முகவரிக்குத் தபாலில் போடுகிறேன். வீட்டுக்கு எழுதினால் அண்ணி பிரித்துவிடுவாங்க. உன் இருமல் எப்படி இருக்கிறது? அந்தக் குளிரில் கம்பளி போட்டுக்கொண்டு உள்ளே போ.

அண்ணிக்கு இன்றைக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அதில் இருப்பது அத்தனையும் பொய்.

பெட்டி வந்தபோதே அடியில் சொட்டிக்கொண்டிருந்தது. ஈரத்தோடு அடுக்கி, தார்ப்பாய்க்கு அடியில் அவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறது. மூடியைத் திறந்தால் புளித்த நாற்றம். குளவிகள் லாரியிலிருந்தே கூட வந்திருந்தன. முதலாளியம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்தச் சமாச்சாரம் இனிமே என் கடைப் படி ஏறக் கூடாது" என்றார். நானும் ஹாரனுமாகத் தூக்கிப் போய்க் கொட்டினோம். அண்ணியிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கொட்டும்போது அடியில் ஒரே ஒரு பழம் உறையோடு கிடந்தது, அண்ணி உரிக்க விட்டுப்போனது. சுற்றிலும் எல்லாம் கூழாக இருக்க, அதைப் பிரித்தால் உள்ளே அப்போதுதான் பறித்தது மாதிரி இருக்கிறது. தின்றேன். குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று தின்றேன் அண்ணா, அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த உறைதான் அதற்குக் காவல். அண்ணி பாசத்தில் காவலை உரித்து எறிந்துவிட்டாங்க.

இதை எப்படி எழுதுவேன்? ஒற்றைப் பையோடு நான் உன் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று நீ, "என்ன ஆச்சு" என்று கேட்டாய். அண்ணி, "முதல்ல கை கால் கழுவிட்டு வா, சாப்பிடலாம்" என்றாங்க. இன்று வரைக்கும் என்ன ஆச்சு என்று அவங்க கேட்டதே இல்லை. இந்த வேலைக்கு என்னை அனுப்பி வைத்ததும் அவங்கதான். அவங்களிடம் போய் உங்கள் பழம் குப்பைக்குப் போயிற்று என்று எழுதக் கை வரவில்லை.

நீ பக்குவமாகச் சொல்லிவிடு. நான் சொன்னதை நம்பி எதையும் பெரிதாகச் செய்துவிடப் போகிறாங்க.

தங்கை

•

மார்ச் 21

தங்கச்சிக்கு,

நலம். இருமல் இருக்கிறது, அதுபாட்டுக்கு இருக்கட்டும்.

நீ செய்து வைத்திருக்கும் வேலைக்கு உன்னைக் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் உன் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். முதலாளியம்மா கைப்பையில் போட்டுக்கொண்டதை இரண்டு தடவை படித்தாள். கொல்லையில் கூட்டிப்போய்க் காட்டினாள். நாற்றங்கால் போட்டுவிட்டாள். கொஞ்சமாக இல்லை, முழு வயலுக்கும். தக்காளி செத்த இடத்தில் சாகாமல் நின்ற செடியாகப் பார்த்துப் பார்த்து விதை எடுத்தாளாம்.

"தக்காளிக்குப் பங்காளிதானே இது, அதே நோய் இதையும் தின்னாதா?" என்று கேட்டுப் பார்த்தேன். "பங்காளிங்க எல்லாரும் ஒரே மாதிரியா இருக்காங்க? உங்க தங்கச்சியும் நீங்களும் ஒரே மாதிரியா?" என்றாள்.

சொல்லலாம் என்று மூன்று தடவை வாய் திறந்தேன். ஒரு தடவை தண்ணீர் கேட்டேன். ஒரு தடவை மழை வருமா என்று கேட்டேன். கடைசித் தடவை ஒன்றும் கேட்கவில்லை, பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். இரண்டு வருடமாக அந்த முகத்தை நானும் பார்க்கவில்லை.

ஊரே சிரிக்கிறது. களை பிடுங்குவார்கள் கேள்விப்பட்டிருக்கிறோம், களையை நடுகிறவளை இப்போதுதான் பார்க்கிறோம் என்று சூளைக்காரர் டீக்கடையில் சொன்னாராம்.

நான் சொல்ல மாட்டேன். உன்னால் முடிந்தால் அந்தப் பொய்யை உண்மையாக்கு. இல்லாவிட்டால் இந்தப் போகம் முடிந்ததும் அவளை அந்த இரண்டு அறைக்குள் கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும்.

அண்ணன்

•

ஏப்ரல் 27

என் நாத்தனாருக்கு,

நலமா? இங்கே அனைவரும் நலம். உப்பு ஒத்தடம் நன்றாகக் கேட்கிறது. உன் அண்ணன் ஞாயிறு தவறாமல் தானே அடுப்பு மூட்டி, தானே துணி பிழிந்து கொடுக்கிறார். பாத்திரம் கழுவுகிறார். போன வாரம் வாசலைக்கூடப் பெருக்கினார். குளிர்கிடங்கில் ஆளுக்கு நல்ல புத்தி வரும்படி ஏதோ செய்கிறார்கள் போல.

நாற்று முழுவதும் நட்டாயிற்று. நான்தான் முன்னால் போனேன், கூலிக்கு இரண்டு பெண்கள் பின்னால் வந்தார்கள். அதில் ஒருத்தி, "ஏக்கா, நெசமாத்தான் இதை நடுறோமா, இல்ல பிடுங்க வந்து மறந்துட்டமா?" என்று கேட்டாள். நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டு மறுபடி நட்டோம்.

அதிகம் கேட்காத செடி இது. தண்ணீர் கொஞ்சம் போதும், உரம் தேவையே இல்லை. பழுத்தால் தானே கீழே விழும். நாம் குனிந்து பொறுக்கினால் போதும். பறிக்கக் கூடாது. பச்சையாகப் பறித்தால் கசக்கும், வயிற்றுக்கும் ஆகாது. தானாக விழுந்ததுதான் பழம். என் முழங்காலுக்குத்தான் குனிவது கொஞ்சம் கஷ்டம்.

முதலாளியம்மா எவ்வளவு எடுத்துக்கொள்வார் என்று கேட்டு எழுது. அவசரமில்லை. நீ கேட்கிற நேரம் பார்த்துக் கேள்.

வேளைக்குச் சாப்பிடு. ரொட்டி சுடுகிற இடத்தில் இருந்துகொண்டு பட்டினி கிடப்பவள் நீ ஒருத்தியாகத்தான் இருப்பாய்.

உன் அண்ணி

•

மே 30

அன்புள்ள அண்ணிக்கு,

சௌக்கியம். பதில் எழுத இவ்வளவு நாள் ஆகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். அடுப்பு ஒன்று பழுதாகி, வேலை தலைக்கு மேல் போய்விட்டது. ஹாரன் இரண்டு முறை வந்து, "லெட்டர் இருக்கா?" என்று கேட்டு, என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்.

முதலாளியம்மாவிடம் அளவு பற்றிப் பேச இன்னும் சரியான நேரம் அமையவில்லை. பேசிவிடுவேன்.

ஒரு சின்ன விஷயம். வரப்போரத்துப் பழைய செடிகளில் இன்னும் பழம் விழுந்தால் கொஞ்சம் அனுப்புங்கள். இந்த முறை உரிக்க வேண்டாம், அலசவும் வேண்டாம். உறையோடு, ஈரம் படாமல், காற்றோட்டமான கூடையில். இங்கே இப்போது உறையோடு இருந்தால்தான் அழகு என்கிறார்கள். நாகரிகம் அப்படி மாறிவிட்டது.

நேற்று மாவு பிசைந்துகொண்டே உங்களை நினைத்தேன். நீங்கள் என்னை இந்த வேலைக்கு அனுப்பிய அன்று பஸ்ஸில் ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துவிட்டு, "போய் நல்லா இரு. நல்லா இல்லேன்னா திரும்பி வா. ரெண்டுக்கும் வழி திறந்திருக்கு" என்று சொன்னீர்கள். அதை நான் தினமும் நினைக்கிறேன் அண்ணி. சொன்னதில்லை, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்

•

ஜூன் 2

அண்ணா,

உடம்பு பரவாயில்லையா?

இரண்டு தடவை கேட்டுவிட்டேன். முதல் தடவை முதலாளியம்மா கல்லாப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாவது தடவை, "உனக்கு வேலை பிடிக்கலையா?" என்றார். நல்ல மனுஷிதான், அந்த நாற்றம் இன்னும் அவர் மூக்கை விட்டுப் போகவில்லை. வேறு இரண்டு கடைகளில் போய்க் கேட்டேன். அது என்ன பழம், பேரே கேள்விப்பட்டதில்லையே என்று அனுப்பிவிட்டார்கள்.

மூன்றாவது தடவை கேட்டால் என்னையும் சேர்த்து அனுப்பிவிடுவார். பரவாயில்லை, கேட்கத்தான் போகிறேன். அண்ணி முழு வயலில் நட்டு வைத்துக்கொண்டு என் பதிலுக்காக உட்கார்ந்திருக்காங்க. இதற்காக வேலை போனால் போகட்டும். எனக்கு வழி திறந்திருக்கிறது. அவங்களுக்குத்தான் இல்லை.

தங்கை

•

ஜூன் 15

என் நாத்தனாருக்கு,

நலம், நலமறிய ஆவல். கூடை அனுப்பியிருக்கிறேன். உரிக்கவில்லை, அலசவில்லை, நாகரிகம் கெடாமல் அப்படியே உறையோடு வைத்திருக்கிறேன். பழைய செடிகளில் இதுதான் கடைசி.

இங்கே ஒரு கூத்து. போன மாதம் உன் அண்ணன் நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கிழக்குப் பாதி முழுக்க வண்டி வண்டியாக எருவைக் கொட்டியிருக்கிறார். எங்கே வாங்கினார், எப்படிக் கொண்டுவந்தார், ஒன்றும் சொல்லவில்லை. "செடி நல்லா வரட்டும்னுதான்" என்கிறார். வந்தது. இலை யானைக் காது மாதிரி வந்தது. ஆள் உயரத்துக்குப் புதர். உள்ளே தேடினால் காயைக் காணோம். உரம் அதிகமானால் இந்தச் செடி இலையாகவே வளர்ந்து தீர்த்துவிடும். மேற்குப் பாதி நோஞ்சான் மாதிரி நிற்கிறது, ஒவ்வொரு கணுவிலும் ஒரு கூடு தொங்குகிறது.

"பாசத்துல பாதி வயலைக் கெடுத்துட்டீங்களே" என்றேன். மனிதர் கண் கலங்கிவிட்டார். பிறகு நான்தான் டீ போட்டுக் கொடுத்துச் சமாதானம் செய்தேன்.

பாதி போனாலும் மீதி பாதி நன்றாக இருக்கிறது. நோய் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அடுத்த மாதக் கடைசியில் விழ ஆரம்பிக்கும்.

நீ இந்தப் பழத்துக்காக அங்கே யாரிடமும் சண்டை போட வேண்டாம். உன் வேலை முக்கியம். வேலைக்குக் கெடுதல் வருகிற மாதிரி இருந்தால் விட்டுவிடு, நான் வேறு வழி பார்த்துக்கொள்கிறேன்.

உன் அண்ணி

•

ஜூலை 18

அன்புள்ள அண்ணிக்கு,

நான் சௌக்கியம், சௌக்கியம், சௌக்கியம். உங்கள் காலும் அண்ணன் இருமலும் எப்படி இருக்கின்றன என்று எழுதுங்கள், ஆனால் முதலில் இதைப் படியுங்கள்.

நீங்கள் அனுப்பிய கூடையை என் அறை ஜன்னலில் தொங்கவிட்டிருந்தேன். ஒரு மாதம் ஆகியும் ஒன்றுகூடக் கெடவில்லை. தினம் ஒன்று பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போவேன்.

போன சனிக்கிழமை ஒரு பெரிய ஆர்டர். மூன்று அடுக்கு கேக், மேலே பழம் வைத்துக் கொடுக்க வேண்டும். பழக்காரர் கொண்டுவந்த பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் நசுங்கிக் கிடந்தது. முதலாளியம்மா போனை எடுத்து அவரை வாங்கு வாங்கு என்று வாங்கிக்கொண்டிருந்தார். நான் அறைக்கு ஓடி, கூடையை எடுத்து வந்தேன். கேட்கவில்லை அண்ணி. கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரியும். உறையைக் கிழிக்காமல் இதழ் இதழாகப் பின்னால் மடித்துவிட்டேன், மஞ்சள் பழம் நடுவில் உட்கார்ந்தது. கேக்கைச் சுற்றி வைத்து முடிக்கும்போது பின்னால் வந்து நின்றுவிட்டார்.

"இது என்ன?"

"எங்க அண்ணி வயல்ல விளைஞ்சது."

"அந்த நாத்தம் பிடிச்ச பழமா?"

"ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டுப் பாருங்கம்மா. பிடிக்கலைன்னா நான் இன்னிக்கே கணக்கை முடிச்சுக்கிட்டுப் போயிடுறேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மென்றார். இன்னொன்றை எடுத்தார். "இதை ஏன் நீ முன்னாடியே காட்டலை?" என்றார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

கேக் வாங்கியவர்கள் மறுநாள் போன் செய்து அந்தப் பழத்தின் பெயரைக் கேட்டார்கள். இனி வாரம் தவறாமல் எங்களுக்குக் கூடை வேண்டும். மேலே வைப்பதற்கு நல்லது, வெடித்ததும் சின்னதும் ஜாமுக்கு. சோதனைக்கு ஒரு சட்டி காய்ச்சினேன், வேறு எதுவும் சேர்க்காமலே கெட்டியாக உறைந்துவிட்டது. முதலாளியம்மாவின் தங்கை ஓட்டல் வைத்திருக்கிறார், அவரும் கேட்கிறார். உலர்த்திக் கொடுத்தாலும் எடுத்துக்கொள்கிறார்களாம். எவ்வளவு விளைந்தாலும் அனுப்புங்கள்.

அண்ணி, இதைப் படித்ததும் உங்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும், முதல் பெட்டியைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். கடிதத்தில் முடியாது. அடுத்த மாதம் லீவு கேட்டிருக்கிறேன், நேரில் வந்து சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுங்கள், ஆனால் வெறுத்துவிடாதீர்கள்.

உங்கள் நாத்தனார்

•

ஆகஸ்ட் 6

என் நாத்தனாருக்கு,

நாங்கள் நலம். காலைப் பற்றிக் கேட்காதே, தினமும் வயல் முழுக்கக் குனிந்து பொறுக்குகிறேன், அதற்கு வலிக்கவே நேரம் இல்லை. இந்தக் கடிதத்தோடு ஆறு கூடைகள் வருகின்றன. கிழக்குப் பாதிகூட மனம் மாறிக் கொஞ்சம் காய்க்கிறது. உன் அண்ணன் தினமும் போய் அதனிடம் மன்னிப்புக் கேட்கிறார் என்று நினைக்கிறேன்.

அவர் குளிர்கிடங்கை விட்டுவிட்டார். நான் சொல்லவில்லை. போன ஞாயிறு வந்தவர் திங்கட்கிழமை கிளம்பவில்லை, அவ்வளவுதான். "பொறுக்க ஆள் வேணும்ல" என்றார். சூளைக்காரர் வயலைப் பற்றிக் கேட்க வந்தபோது, உன் அண்ணன் அவர் கையில் ஒரு கைப்பிடிப் பழத்தைக் கொடுத்து அனுப்பினார். அவரும் தின்றுகொண்டேதான் போனார். இந்த வீடு எங்கேயும் போகவில்லை.

சரி, நேரில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு வருகிறேன். லீவு எடுத்துக்கொண்டு தாராளமாக வா. ஆனால் அதைச் சொல்வதற்காக வராதே. எனக்குத் தெரியும்.

மார்ச்சில் உன் கடிதத்தைக் கொண்டுவந்த அன்று ஹாரன் வாயே திறக்கவில்லை. நீ ஏதோ சத்தியம் வாங்கியிருப்பாய், அதைக் காப்பாற்றினார், பாவம். "அக்கா, ஒரு குடம் தண்ணி கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார். எதற்கு என்றேன். "வண்டியில கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கு" என்றார். குடத்தோடு போய்ப் பார்த்தேன். லாரித் தளமெல்லாம் மஞ்சள் கறை, புளித்த வாடை, ஒரு குளவி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அந்தப் பக்கம் தேய்க்க, நான் இந்தப் பக்கம் நின்று உன் கடிதத்தைப் படித்தேன். ஆளுக்கு ஒரு கை எடுத்தார்களாம், முதலாளியம்மா கைப்பையில் போட்டுக்கொண்டாராம், ஒன்றுகூட மிஞ்சவில்லையாம்.

முதலில் சிரித்தேன். அப்புறம் லாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். ஹாரன் பார்க்காத மாதிரி தேய்த்துக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கே இரண்டு தட்டு எடுத்து, ஒன்றில் உரித்து அலசியதையும் இன்னொன்றில் உறையோடும் வைத்தேன். அலசியது மூன்று நாளில் நாறியது. உறையோடு இருந்தது அப்படியே இருந்தது. தப்பு பழத்தில் இல்லை, என் சுத்தத்தில்தான் என்று தெரிந்துவிட்டது. நீ பின்னால் உறையோடு அனுப்புவதுதான் நாகரிகம் என்று எழுதினாயே, அதைப் படித்துவிட்டு எவ்வளவு சிரித்தேன் தெரியுமா.

அப்போதே உனக்கு எழுதியிருக்கலாம். உன் அண்ணனிடமும் சொல்லியிருக்கலாம். அவர் உனக்கு உடந்தை என்பது முகத்திலேயே எழுதியிருந்தது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக மனிதர் தானாகப் பாத்திரம் கழுவுகிறார். கொஞ்ச நாள் போகட்டுமே என்று விட்டுவிட்டேன்.

முழு வயலிலும் ஏன் நட்டேன் என்று கேட்பாய். பழம் நல்லது என்று நாக்கு சொன்னது, உறை காப்பாற்றும் என்று தட்டு சொன்னது. வாங்க ஆள் வேண்டுமே, அதற்கு ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. உன் கடிதத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். என் மனது நோகக் கூடாது என்று இத்தனை பேருக்கு இத்தனை பழத்தை ஊட்டிவிட்டிருக்கிறாய். இவ்வளவு பாடுபடுகிறவள் என் பழத்தைத் தெருவில் விட மாட்டாள் என்று பட்டது. அந்தத் தைரியத்தில்தான் நட்டேன். உன் வேலையை நீ பணயம் வைப்பாய் என்று தெரிந்திருந்தால் நட்டிருக்க மாட்டேன், அதற்குத்தான் உனக்குத் திட்டு, வந்ததும் இருக்கிறது.

நீ எனக்கு நன்றி சொல்லிச் சொல்லி எழுதுகிறாய். வாசலில் வந்து நின்ற பெண்ணுக்குச் சாப்பாடு போட்டேன், அது ஒரு பெரிய விஷயமா? நீ எனக்கு என் வீட்டையும் வயலையும் திருப்பிக் கொடுத்திருக்கிறாய். உன் அண்ணன் இப்போது வெளியே பாட்டுப் பாடிக்கொண்டே கூடை கட்டுகிறார், கர்ண கடூரமாக இருக்கிறது, கேட்கக் கேட்க எனக்கு நெஞ்சு நிறைகிறது. நான்தான் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன்.

இனிமேல் அழுகினால் அழுகிவிட்டது என்றே எழுது. எப்படியும் நான் நாற்றை நட்டுவிட்டுத்தான் உன் கடிதத்தைப் படிப்பேன்.

உன் அண்ணி